அப்பா போனில் நன்றாகத்தான் பேசுகிறார், அண்ணன் மறதி நோய் என்கிறார். யாரை நம்புவது?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 11, காலை

அப்பாவுக்கு 76 வயது. ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், நான் வெளியூர். ஆறு மாதமாக அண்ணன் "அப்பாவுக்கு டிமென்ஷியா, வந்து பாரு" என்கிறார். வாரம் இரண்டு தடவை நான் போனில் பேசுகிறேன். தெளிவாகப் பேசுகிறார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். போன மாதம் அண்ணன் பவர் பத்திரம் எழுதலாம் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

2024 ஆகஸ்ட் 11, மதியம்

நடந்திருக்கிறது. உங்கள் இடத்தில் இருந்த தம்பி நான்.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணன் கும்பகோணத்தில் அப்பாவோடு, சின்னண்ணன் திருப்பூரில், நான் சென்னையில். அப்பாவுக்கு இப்போது 78. சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பேர் இருந்த காலத்தில் கண்டக்டராகச் சேர்ந்து 2004ல் ஓய்வு பெற்றவர்.

ஞாயிறுதோறும் போன் செய்வேன். "சாப்பிட்டியாடா? பிள்ளைங்க நல்லாருக்கா? அங்க மழை உண்டா? எப்ப வர்றே?" நாலு கேள்வி. நான் பதில் சொல்வேன், அவர் சிரிப்பார், வைத்துவிடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் அதே நாலு கேள்வி, அதே வரிசை. எனக்கு உறைக்கவே இல்லை. அவரைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை என்பதும் உறைக்கவில்லை.

நீங்கள் இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். "காலையில என்ன டிபன்பா? நேத்து யாரு வந்தா?" என்று கேளுங்கள். எங்கள் அப்பா "எல்லாம் உண்டு, எல்லாரும் வந்தாங்க" என்றார். இட்லியா தோசையா என்று மறுபடி கேட்டதும் போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

பழகின பேச்சு ரொம்ப நாள் நிற்கும். முதலில் போவது புதிதாக நடந்தது.

அதே நாள், இரவு

மதியம் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் மேலே சொன்னதற்கு அர்த்தம் இல்லை.

2022 கார்த்திகை மாதம். அப்பா போனில் குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணி என் காசை எடுத்துடுறாடா. பென்ஷன் வந்த அன்னிக்கே காணோம்" என்றார். நான் நம்பினேன். அப்பா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, மாலையில் கலெக்ஷன் 25 பைசா குறைந்தால் கைக்காசு போட்டுக் கட்டியவர். நேராக அண்ணனைக் கூப்பிட்டு, "அப்பா பணம் எங்க போகுது?" என்று கேட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். இரண்டு மாதம் பேச்சு இல்லை.

பொங்கலுக்குப் போய்த் தங்கியபோது மூன்றாம் நாள் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். பழைய வேட்டிக்குள் காகிதப் பொட்டலங்கள். சில்லறையை இருபது இருபதாக அடுக்கிச் சுருட்டியிருந்தார், கண்டக்டர்கள் சுருட்டுவது போல. நோட்டுகளைப் பஞ்சாங்கப் பக்கங்களுக்கு நடுவே சொருகியிருந்தார். எண்ணினேன், 31,000த்துக்கு மேல். வைத்த இடம் மறந்துபோகிறது, காசு காணோம் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். எடுத்தது யார்? பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர்.

இது இந்த நோயின் சாதாரண அறிகுறி என்று பிறகு டாக்டர் சொன்னார். பழி பெரும்பாலும் சோறு போடுகிறவர் மேல்தான் விழும்.

2024 ஆகஸ்ட் 12

"எத்தனை நாள் தங்கிப் பார்த்தால் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் போதாது. யாராவது வந்தால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சட்டை போடுவார், காப்பி கொடுக்கச் சொல்வார், பழைய கதையைத் தெளிவாகச் சொல்வார். சின்னண்ணன் ஒவ்வொரு தடவையும் ஒரு பகல் இருந்துவிட்டு, "நல்லாத்தானே இருக்காரு, நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்று பஸ் ஏறிவிடுவார். அவர் போனதும் அன்று இரவு முழுக்க அப்பா தூங்க மாட்டார். அந்த ஒரு பகலுக்குத் தம் கட்டியதன் களைப்பு.

ஒரு வாரமாவது இருங்கள். இரவில் அவர் அறையிலேயே படுங்கள். விருந்தாளி மாதிரி தனி அறையில் வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 14

பரிசோதனை பற்றிக் கேட்டவருக்கு. டாக்டரிடம் போகுமுன் "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று நாங்கள் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டோம், அதைச் செய்யாதீர்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, எப்போதோ விழுந்து தலைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தம், மன அழுத்தம் எல்லாமே டிமென்ஷியா மாதிரியே தெரியும். ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் பெரும்பாலும் சொல்லிவிடும். 30 மார்க்குக்கு ஒரு கேள்வித்தாளும் உண்டு. இன்று என்ன கிழமை, மூன்று பொருள் பேரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது, இப்படி.

அப்பாவுக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதும் நடை தெளிந்தது, முகம் தெளிந்தது. சரியாகிவிட்டது என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம்.

2024 ஆகஸ்ட் 14, இரவு

மதியக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் "அப்ப பி12 போட்டா போதுமா" என்று கேட்கிறார். இல்லை. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தத் தெளிவு ஏழெட்டு வாரம்தான். அப்பாவின் ஸ்கேனில் மூளையில் அங்கங்கே பழைய சின்னச் சின்ன அடைப்புகள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருபது வருஷமாக உண்டு. அல்சைமரும் ரத்தக்குழாய் பாதிப்பும் சேர்ந்தது என்றார்கள். ரத்தக்குழாய் வகையில் சரிவு பெரும்பாலும் படிப்படியாக இறங்கும். மாதக்கணக்கில் ஒரே நிலை, திடீரென ஒரு படி கீழே, அங்கேயே கொஞ்ச காலம்.

மறதி நோய்க்குத் தினம் ஒரு டோனெபெசில் மாத்திரை கொடுக்கிறோம். அது குணப்படுத்தாது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். முதல் மாதம் இரவில் கொடுத்தபோது வயிற்றுப்போக்கும் கெட்ட கனவும் வந்தன. நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொன்னார் டாக்டர், கனவு நின்றது.

2024 ஆகஸ்ட் 15

பவர் பத்திரம். உங்கள் சந்தேகமே அதில்தான் இருக்கிறது, என் சந்தேகமும் அதில்தான் இருந்தது. பெரியண்ணன் அப்பாவிடம் பவர் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் வீட்டை விற்றுவிடுவார் என்று நானும் சின்னண்ணனும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனில் பேசியிருக்கிறோம். இப்போது நினைத்தால் மனசு கூசுகிறது. அண்ணன் கேட்டது பென்ஷன் கணக்கில் பணம் எடுக்க. அப்பாவின் கையெழுத்து மாறிப்போய் காசோலை திரும்பி வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு வக்கீல் விளக்கினார். பவர் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போய்விட்டால் அந்தப் பவரும் முடிந்துபோகும். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. வெளிநாடுகளில் இருப்பது போல் நினைவு போன பிறகும் நிற்கிற பவர் இங்கே கிடையாது. ஆக, நோய் முற்றிய பிறகு உங்கள் அண்ணன் வாங்கும் பவர் அவருக்கே பிரயோஜனப்படாது. உயில் என்றாலும் எழுதும்போது தெளிவு இருக்க வேண்டும். ஆரம்ப நிலை என்றால், அப்பாவுக்கு இஷ்டம் இருந்தால், டாக்டர் சான்றோடு இப்போதே எழுதலாம். வங்கியில் இரண்டு பேரில் யாரும் எடுக்கலாம் என்கிற கூட்டுக் கணக்கு எங்களுக்கு உதவியது. அதையும் அப்பாவுக்குப் புரிகிற காலத்திலேயே செய்ய வேண்டும்.

எல்லாம் கைமீறிப் போன பிறகு பாதுகாவலர் நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போகிறார்கள். கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியை அப்படிப் பாதுகாவலராக நியமித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024லேயே உத்தரவிட்டிருக்கிறது. நீண்ட வழி.

அண்ணனிடம் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த வேலைக்கு அண்ணே பவர் வேணும்?" அவ்வளவுதான். நான் கேட்கவே இல்லை.

2024 ஆகஸ்ட் 15, இரவு

2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் அண்ணன் மேல் மனு போடலாமா என்று கேட்டவருக்கு. அந்தச் சட்டம் பெற்றவர்களின் பராமரிப்புக்கு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும், மாதம் 10,000 ரூபாய்வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம். பெரியவருக்குச் சோறு கிடைக்கவில்லை, அடிக்கிறார்கள் என்றால் கட்டாயம் போங்கள், அதற்கு முன் 14567க்கு அழையுங்கள், முதியோர் உதவி எண் அது. ஆனால் அண்ணன் தம்பி மனக்கசப்புக்கு அந்த வாசலைத் தட்ட வேண்டாம். விசாரணைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவீர்களா?

2024 செப்டம்பர் 1

சாயங்காலம் பற்றி. பகலில் அமைதியாக இருக்கும் அப்பா ஐந்தரை மணிக்கு மேல் வேறு ஆள். "கலெக்ஷன் கட்டணும், டெப்போ மூடிடுவான், பையை எங்க வச்சீங்க?" வெளிச்சம் குறையும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு.

சின்னண்ணன் ஒரு தடவை, "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா அவரை நெட்டித் தள்ளினார். 50 வயது மகன் சுவரில் போய் இடித்துக்கொண்டு நின்றார். பெரியண்ணன் வந்து, "அண்ணே, கலெக்ஷன் நான் கட்டிட்டேன், கேஷியர் கையெழுத்து போட்டுட்டாரு" என்றார். அப்பாவை "அண்ணே" என்றார், டெப்போ ஆட்கள் கூப்பிடுவது போல. அப்பா உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு வந்துச்சு?" "ஆயிரத்து நானூறு." "பரவால்ல. முகூர்த்த நாளா?"

ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். பழைய ரசீதுக் கட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொல்கிறோம். இது பாதி நாள் பலிக்கும். மீதி நாள் பலிக்காது.

பலிக்காத நாளில் ஒன்று. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "உள்ள போகாதீங்க, குழந்தையை மேல தூக்குங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாருக்கும் புரியவில்லை. பெரியண்ணனுக்குத்தான் தெரிந்தது, 1992 மகாமகம். பிப்ரவரி 18, குளக்கரை நெரிசலில் கிட்டத்தட்ட 50 பேர் செத்துப்போனார்கள். அப்பாவுக்கு அன்று ஸ்பெஷல் பஸ் டியூட்டி. முப்பது வருஷம் எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

2024 செப்டம்பர் 3

"டெப்போவில் கட்டிட்டேன் என்று பொய் சொல்வது சரியா?" நியாயமான கேள்வி, நானும் நிறைய யோசித்திருக்கிறேன்.

அம்மா 2017ல் காலமாகிவிட்டார். "உங்கம்மா எங்கடா?" என்று அப்பா கேட்கும்போது ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னோம். அன்றுதான் செத்தது போல் அழுதார். ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னோம், மறுபடி அழுதார். ஒரே நாளில் மூன்று தடவை அவரை எழவு வீட்டில் உட்கார வைத்தோம்.

இப்போது அண்ணி சொல்வது: "அத்தை திருநாகேஸ்வரம் போயிருக்காங்க மாமா, ராகு கால பூஜைக்கு." அப்பா, "பஸ்ஸுக்குச் சில்லறை வச்சிருக்காளா?" என்பார். வைத்திருக்கிறார் என்றதும் நிம்மதி.

நாங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அவரை அமைதிப்படுத்த அவர் காலத்துக்குள் போய்ப் பேசலாம். கையெழுத்து வாங்கவோ, பணம் எடுக்கவோ, மருந்தைத் திணிக்கவோ அப்படிப் பேசக்கூடாது.

2024 செப்டம்பர் 19

மேலே எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். "அண்ணன் பார்த்துக்கொள்கிறார்" என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். தப்பு. சரியாக எழுதுகிறேன்.

அப்பாவைக் குளிப்பாட்டுவது அண்ணன். மற்றதெல்லாம் அண்ணி. மூன்று வேளை மாத்திரை, சோற்றைக் குழைத்து ஊட்டுவது, நனைந்த வேட்டியை அலசுவது, ஒரே கேள்விக்கு நாற்பது தடவை பதில். நான் திருட்டுப்பழி சொன்ன அதே அண்ணி. பெட்டியில் பணம் கிடைத்த அன்று நான் அவரிடம் போய், "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். "அது இருக்கட்டும் தம்பி, மாமாவுக்குக் கஞ்சி ஆறுது, கொண்டு போய்க் குடுங்க" என்றார். அதற்கு மேல் இன்றுவரை பேச்சில்லை. மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து பேசி முடிவெடுத்தபோதெல்லாம் அண்ணியை நாங்கள் ஒரு தடவைகூட உட்கார வைத்துக் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், முதலில் அவரிடம் பேசுங்கள், பிறகு அண்ணனிடம்.

2024 அக்டோபர் 6

ஒரு எச்சரிக்கை, என் கையால் நடந்தது. போன வாரம் ஊரில் இருந்தேன். அப்பாவுக்குச் சளி. மருந்துக்கடையில் சாதாரணச் சளி மாத்திரை வாங்கி இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் அப்பாவுக்கு யாரையும் தெரியவில்லை, மூத்திரம் நின்றுவிட்டது, சுவரில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு படி இறங்கிவிட்டார் என்று நினைத்து அழுதேன். டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்து, குளோர்பெனிரமின். இவர்கள் மூளைக்கு அந்த வகை ஆகாது. மூளையில் எந்த ரசாயனத்தை டோனெபெசில் கூட்டப் பார்க்கிறதோ அதன் வேலையையே இது தடுக்கிறது. நிறுத்தி நான்கு நாளில் பழைய நிலைக்கு வந்தார்.

ஒரே இரவில், இரண்டே நாளில் தலைகீழாக மாறினால் "நோய் முத்திடுச்சு" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். புது மருந்து, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவது, நிமோனியா எதுவாகவும் இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

2024 நவம்பர் 3

தீபாவளிக்கு மூன்று பேரும் சேர்ந்திருந்தோம். சண்டை. சின்னண்ணன் சொன்னது: மாதம் 12,000 அனுப்புகிறேன், இதற்கு மேல் என்ன செய்ய? நான் 15,000 அனுப்புகிறேன், அதையும் சொல்லிக்காட்டினேன், சொல்லியிருக்கக்கூடாது. பெரியண்ணன் ரொம்ப நேரம் கழித்து, "காசு வேண்டாம்டா. ஒரு ராத்திரி முழுசா தூங்கி எட்டு மாசம் ஆச்சு" என்றார்.

சின்னண்ணன் அன்றிரவு அப்பா அறையில் படுத்தார். முதல் தடவை. இரவு பதினொன்று, ஒன்றே முக்கால், மூன்று, நாலே கால். காலையில் கண் சிவந்து வெளியே வந்தவர் பெரியண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இனி "நல்லாத்தானே இருக்காரு" என்று அவர் சொல்ல மாட்டார்.

எங்கள் பணத்தில் வாரம் நான்கு இரவுக்கு ஆள் போட்டிருக்கிறோம். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளி இரவு கிளம்பிப் போகிறேன், சின்னண்ணன் மற்ற வாரம்.

2024 நவம்பர் 9

காது பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றவர். காதை ஒரு நாளும் காட்டியதில்லை. போன மாதம் அழுக்கு எடுத்து, கருவி மாட்டியதும் பாதிக் கேள்விகள் குறைந்துவிட்டன. மறதி என்று நாங்கள் நினைத்ததில் கொஞ்சம் கேளாமை. டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கும் 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024ல் பட்டியலிட்டது. அதில் கேட்புக் குறைவும் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, தனிமை, கெட்ட கொழுப்பு, சரிசெய்யாத கண் பார்வை எல்லாம் அதில் உண்டு. எனக்கு 44. நான் இப்போது ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடுவதில்லை.

கருவியை அவர் கழற்றி எங்கேயாவது ஒளித்துவிடுகிறார். டிரங்குப் பெட்டியில்தான் முதலில் தேடுவோம்.

2024 டிசம்பர் 12

விடியற்காலை நாலரைக்கு அப்பா கிளம்பிப் போய்விட்டார். முதல் டிரிப் எடுக்க. கொட்டும் மழை. பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் வண்டி நிற்கும் இடத்தில், "பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோவில், தஞ்சாவூர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஓர் ஊரும் வரிசை மாறவில்லை. அந்த வண்டி கண்டக்டர் சின்னப் பையன். கிண்டல் பண்ணாமல் உள்ளே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையைப் பார்த்திருக்கிறார். எல்லாச் சட்டையிலும் அண்ணி போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்து வைத்திருந்தார், அதனால் தப்பித்தோம். அந்தப் பையன் பேரைக் கேட்காமல் வந்துவிட்டார் அண்ணன்.

கதவின் மேல்பக்கம், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். அவரைத் தனியாக உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை ராத்திரி மூடிவிடுங்கள்.

2025 ஜனவரி 24

கேள்வி கேட்ட நண்பர் ஊருக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். அண்ணனிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். பேச வேண்டாம். அடுத்த தேதியைச் சொல்லுங்கள், அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

எங்கள் அண்ணி மன்னார்குடியில் அவர் அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. நாளை அண்ணனும் அண்ணியும் பத்து நாளைக்குப் போகிறார்கள். எழும்பூரில் இன்றிரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். பாரிமுனையில் நாலு கலரில் ரசீதுக் கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அப்பா எண்ணுவதற்கு. சளி வந்தால் டாக்டருக்குப் போன் செய்யாமல் எதுவும் கொடுக்கக்கூடாது என்று அண்ணி ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறார். எந்த வேளைக்கு என்ன என்று இரண்டு பக்கம். அதைப் படித்து முடிக்க வேண்டும். பதில் எழுதப் பத்து நாள் ஆகும்.